டீச்சரைக் கேளுங்க: பூட்டுன வீட்டு வாசல்ல ஒரு சோசியல் கிளாஸ்

போன இதழ்ல, சோசியல் பாடத்தை மனப்பாடம் பண்ண வைக்காம பிள்ளைங்களே தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி நடத்தலாம்னு (அதைத்தான் 'இன்கொயரி'ங்கறாங்க) நாலு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், காரைக்குடி சுத்துவட்டாரத்து வாத்தியாருங்க பாதிப் பேர் கடுதாசி போட்டுட்டாங்க. பாராட்டு கொஞ்சம், திட்டு கொஞ்சம், 'ரிட்டயர்டு ஆனவங்களுக்குப் பேசுறதுக்கு என்ன'ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் வேற. அதுவும் நியாயம்தான். அதனால இந்தத் தடவை முழுசா இந்த ஒரே விஷயம். ரேஷன் கார்டு பத்திக் கேட்ட மானாமதுரைக்காரர் ஒரு மாசம் பொறுத்துக்கங்க.

டீச்சர், நான் புதுவயல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளில ஏழாவதுக்கு சோசியல் எடுக்குறேன். ட்ரெய்னிங்ல 'இன்கொயரி, இன்கொயரி'ன்னு ரெண்டு நாள் பேசி அனுப்பிட்டாங்க. நானும் வந்து பிள்ளைங்ககிட்ட 'கேள்வி கேளுங்க'ன்னேன். அஞ்சு நிமிஷம் ஒரே அமைதி. கடைசில ஒருத்தன் எந்திரிச்சு 'டீச்சர், ஒன்னுக்குப் போகலாமா'ன்னான். எங்க தப்பு பண்ணுனேன்?

அன்னிக்கு உங்க வகுப்புல வந்த ஒரே நெசக் கேள்வி அதுதாம்மா. பதில் அவனுக்குத் தெரியாது, ஆனா தெரிஞ்சே ஆகணும். சிரிக்காதீங்க, விஷயமே அங்கதான் இருக்கு.

நான் சர்வீஸ்ல இருந்தப்ப இதே கூத்தை வேற மாதிரி பண்ணிருக்கேன். 'அசோகர் ஏன் போரை விட்டார்?'னு போர்டுல பெருசா எழுதிப் போட்டு, சுத்தி வளையம் எல்லாம் போட்டு, பிள்ளைங்க முகத்தைப் பாத்தா, மொத்த வகுப்பும் ஒரே குரல்ல 'கலிங்கப் போர் டீச்சர்'னு சொல்லி முடிச்சிருச்சு. பதில் புக்ல இருக்கு, எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும், அப்புறம் அங்க என்னத்த விசாரிக்கிறது. நாம பதிலை முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டு கேட்டா பிள்ளைங்க கேள்வியை விட்டுட்டு முந்தானையத்தான் பாக்கும்.

நம்ம ஊர்ல கேள்விக்குப் பஞ்சமா? பள்ளிக்கூடத்துல இருந்து நாலு தெரு நடந்தா பூட்டுன வீடு. முன் வாசல் ஒரு தெருவுல இருக்கும், பின் வாசல் அடுத்த தெருவுல. முகப்புத் தேக்குத் தூணை ஒரு பிள்ளை கட்டிப்பிடிச்சா ரெண்டு கையும் சேராது. கதவுல பூட்டு, பூட்டு மேல துரு. அந்த வாசல்ல பிள்ளைங்கள உக்கார வச்சு, 'இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டுனவக ஏன் பூட்டிட்டுப் போனாக?'னு மட்டும் கேளுங்க. உடனே பதில் வரும், 'சிங்கப்பூர் போயிட்டாக', 'பங்காளி சண்ட', 'பேய் இருக்கு'. அத்தனையும் நோட்டுல எழுதச் சொல்லுங்க, பேயையும் சேத்துத்தான். அப்புறம் 'இதுல எது சரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது'ன்னு கேளுங்க. அங்கருந்து குட்டிக் கேள்விங்க தானா வரும், பணம் எங்கருந்து வந்துச்சு, எப்ப நின்னுச்சு, இப்ப வீட்டுல எத்தனை பேருக்குப் பங்கு.

முதல் ரெண்டுக்கு பர்மா வரைக்கும் போகணும். ஐராவதி டெல்டால நெல் வெளையுற பூமியில, இந்த வீடுகளைக் கட்டுன நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வட்டிக்கடை நடத்துனது உங்களுக்குத் தெரியும். 1930 வாக்குல உலகம் பூரா விலை சரிஞ்சப்ப நெல் விலையும் விழுந்து, கடன் வாங்குன விவசாயி கட்ட முடியாம, அடமான நிலம் கடைக்கு வந்துச்சு. கீழ் பர்மால முக்கியமான 13 நெல் மாவட்டத்துல 1930ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் நூத்துக்கு 6 பங்கு, 1938ல அது 25. அவங்களுக்கு வேண்டியது சுத்துற பணம், வயக்காடு இல்ல, ஆனாலும் நிலம்தான் மிஞ்சுச்சு. 1937ல பர்மா தனியாப் பிரிஞ்சது, 1942ல ஜப்பான்காரன் வந்தான், ஆயிரமாயிரம் பேர் காடு மலை வழியா நடந்தே வந்தாங்க, 1948ல அங்க விடுதலை கிடைச்ச வருஷமே நிலத்தை தேசியமயமாக்கச் சட்டம், 1962ல ராணுவ ஆட்சி வந்தப்புறம் பேங்க், கடை எல்லாம் போச்சு.

இதை நான் ஒரு வகுப்புல நடத்தி முடிச்சப்ப கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு, 'அப்ப நிலத்தை விட்டுக் குடுத்த பர்மாக்காரக வீட்டுல நம்மளப் பத்தி என்ன டீச்சர் சொல்லுவாக?'னு கேட்டா. நான் பதில் சொல்லாம சாக்பீஸை அவ கையில குடுத்து அதைப் போர்டுல எழுதச் சொல்லிட்டேன். அடுத்த ரெண்டு வாரம் அதுதான் பாடம்.

ட்ரெய்னிங்ல சொன்னது எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா, அமெரிக்காவுல சமூகக் கல்வி ஆசிரியர்களோட தேசிய கவுன்சில் 2013ல 'சி த்ரீ'ன்னு ஒரு வழிகாட்டி போட்டாங்க. அதுல நாலு படி. கேள்வியை உருவாக்குறது, வரலாறு புவியியல் பொருளியல் குடிமையியல்னு அந்தந்தத் துறைக்காரங்க யோசிக்கிற மாதிரி யோசிக்கிறது, ஆதாரத்தை எடை போடுறது, கண்டுபிடிச்சதைச் சொல்லி அதை வச்சு ஏதாச்சும் செய்யுறது. நம்ம பக்கம் முதல் மூணையும் எப்படியோ இழுத்துட்டு வந்துருவாங்க, நாலாவதுல வண்டி நின்னுரும். செய்யுறதுன்னா பெருசா ஒன்னுமில்ல, ஊரணிக்குள்ள தண்ணி வர்ற வரத்துக்கால் எங்கெங்க அடைபட்டுக் கிடக்குன்னு பிள்ளைங்களே நடந்து பாத்து ஒரு மேப் போட்டு பஞ்சாயத்துல குடுத்தா அதுவே போதும்.

எங்க மக எட்டாவது படிக்கிறா. சோசியல் டீச்சர், 'வீட்டுப் பெரியவங்கள பேட்டி எடுத்துட்டு வா'ன்னு அனுப்பிருக்காங்க. இவ நேரா எங்க மாமியார்கிட்ட போயி, 'அப்பத்தா, உங்க அப்பச்சி பர்மால எவ்வளவு வட்டி வாங்குனாக?'னு கேட்டுட்டா. ரெண்டு நாளா வீட்டுல ஒரே ரகளை. பாடமும் பாதிதான் முடிஞ்சிருக்கு. இதுக்கெல்லாம் மார்க் வருமா? (தேவகோட்டை வாசகி)

முதல்ல உங்க மகளுக்கு ஒரு ஷொட்டு. ரெண்டாவது, அவளுக்கு ஒரு சின்னக் குட்டு, அது அவ டீச்சருக்குப் போக வேண்டியது. பேட்டின்னா எடுத்த எடுப்புல வட்டிக்கா போறது? பெரியவங்ககிட்ட ஒரு பொருளை வச்சுத்தான் ஆரம்பிக்கணும். உங்க வீட்டுப் பரண்ல மரவை இருக்கா பாருங்க, செவப்பும் கருப்புமா அரக்குப் பூசுன பாத்திரம். அதை எறக்கித் தொடச்சு மாமியார் மடியில வச்சுட்டு, 'அப்பத்தா, இது ஏது?'ன்னு மட்டும் கேட்டுட்டு வாயை மூடிக்கச் சொல்லுங்க. மரவை பர்மால இருந்து கப்பல் ஏறி வந்தது. கப்பல் வந்தா ரங்கூன் வரும், ரங்கூன் வந்தா அப்பச்சி வருவாக, அப்பச்சி வந்தா அழுகையும் வரலாம், அன்னிக்கு அத்தோட நிறுத்திக்கணும். வட்டி மூணாம் நாள் தானா வரும். சொல்ல வேணாம்னு அவங்க நெனச்சா விட்டுரணும், குடும்பத்துக் கதையை வகுப்புல சொல்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும், இது ரெண்டையும் அந்த டீச்சர் பிள்ளைங்களுக்கு முதல்லயே சொல்லியிருக்கணும்.

மார்க் கதைக்கு வரேன். எட்டாவது வரைக்கும் வளரறி (பருவம் முழுக்க நடக்குற செயல்பாடு, சின்னத் தேர்வு) 40, தொகுத்தறி (பருவக் கடைசிப் பரீட்சை) 60, அதாவது நம்ம பாஷையில எஃப்ஏ, எஸ்ஏ. அந்த எஃப்ஏ செயல்பாட்டுல இந்தப் பேட்டி தாராளமா அடங்கும். இப்ப அந்த மார்க் எப்படி வாங்குறாங்கன்னு நமக்குத் தெரியாததா? ஸ்டேஷனரி கடையில படம் வாங்கி சார்ட்டுல ஒட்டி ஓரத்துல ஜிகினா தூவி, ராத்திரி பத்து மணிக்கு அம்மா உக்காந்து ஸ்கெட்ச்ல பார்டர் போட்டு வாங்குறாங்க. அந்த மார்க்குக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனா ஒன்னு, உண்மையைச் சொல்லிடுறேன். பத்தாவது பப்ளிக் வேற ஊர். அங்க நூறு மார்க், மூணு மணி நேரம், புக் பேக் கேள்வி. பத்தாவதுல போயி வாராவாரம் இன்கொயரின்னு நின்னா நானே வேணாம்பேன். ஆறு, ஏழு, எட்டு, இந்த மூணு வருஷம்தான் நமக்குக் கெடைக்கிற கேப்பு. அதுலயும் எல்லாப் பாடத்துலயும் செய்ய முடியாது, பருவத்துக்கு ஒரு கேள்வி, அதை உருப்படியா. மீதிப் பாடத்தை வழக்கம் போல நடத்துங்க, யாரும் தூக்குல போட மாட்டாங்க.

நான் ஒன்பதாவது. கீழடி 2200 வருஷம் பழசுன்னு ஒரு சார் சொல்றாங்க, இன்னொரு சார் 2600 வருஷம்னு சொல்றாங்க. டெஸ்ட்ல எதை எழுதுறது?

டெஸ்ட்ல உங்க புக்ல இருக்கிறதை எழுது தங்கம், மார்க்கை விட்டுராத. வெளியில வந்து என்கிட்ட கேளு.

ரெண்டு சாரும் பொய் சொல்லல. முதல்ல மத்திய தொல்லியல் துறை தோண்டுனப்ப எடுத்த ரெண்டு கரித்துண்டை லேபுக்கு அனுப்பி, 2017ல வந்த பதில் சுமார் 2200 வருஷம். அப்புறம் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டுச்சு. அதுல 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த ஒரு மாதிரிக்கு கி.மு. 580னு வந்துச்சு, அதை 2019ல அறிக்கையா வெளியிட்டாங்க. குழி ஆழமாச்சு, வயசு ஏறுச்சு. இப்ப நீ சார்கிட்ட கேக்க வேண்டியது 'எது சரி?' இல்ல, 'எந்த ஆழம், எத்தனை மாதிரி, அந்தக் கரித்துண்டு கெடந்த அதே அடுக்குல வேற என்னென்ன கெடைச்சுச்சு?'. இப்படிக் கேட்டா சில சாருக்குக் கோபம் வரும், ரொம்பப் பணிவா கேளு. கீழடி நம்ம சிவகங்கை மாவட்டம்தான், 2023ல மியூசியமும் தொறந்தாச்சு, வீட்டுல சொல்லி ஒரு ஞாயித்துக்கிழமை போயிட்டு வா.

சோசியல் பீரியட்ல மட்டும் தூக்கமா வருது டீச்சர். (பள்ளத்தூர் மாணவர்)

மத்தியானம் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் சோசியலைப் போட்டவரைக் கேக்க வேண்டிய கேள்வி. எனக்கே வந்துருக்கு.

வணக்கம் டீச்சர். நாங்க கானாடுகாத்தான், ஆத்தங்குடி சுத்தி இருக்க அஞ்சு பள்ளி வாத்தியாருங்க, பக்கத்துப் பள்ளி வாத்தியாருங்க கூடுற சிஆர்சி மீட்டிங்ல பழக்கம். நம்ம வட்டாரத்துக்குன்னு நாங்களே ஒரு பாடம் எழுதலாம்னு ஆசை. எங்கருந்து ஆரம்பிக்கிறது? இன்னொரு சிக்கல், செட்டிநாடுன்னு எடுத்தாலே நகரத்தார் கதையாத்தான் போகுது, எங்க வகுப்புல பாதிப் பிள்ளைங்க கொத்தனார், சமையக்காரர், ஆத்தங்குடி தரைக்கல்லு போடுறவங்க வீட்டுப் பிள்ளைங்க.

தம்பி, உங்க ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன், அது சரியாயிட்டா முதல் கேள்வி பாதி முடிஞ்சிரும்.

'இந்த வீட்டைக் கட்டுனது யாரு?'

இதை உங்க பாடத்துக்குத் தலைப்பா வச்சுக்கங்க. பணம் போட்டவரும் 'நான் கட்டுன வீடு'ம்பாரு, சாந்து குழைச்சவரும் 'நான் கட்டுன வீடு'ம்பாரு, நம்ம பாஷையில ரெண்டும் ஒரே சொல்லு. வலது பக்கம் உக்காந்திருக்க பிள்ளை தாத்தாவோட பேரேட்டைக் கொண்டு வரும், இடது பக்கத்துப் பிள்ளை தாத்தா சாந்து பூசுன கரணையைக் கொண்டு வரும், ரெண்டும் மேஜையில ஆதாரம்தான். ஒருத்தர் வீட்டுல மட்டும் ஆதாரம் கெடைக்கிற மாதிரி கேள்வி வச்சா மத்த பிள்ளைங்க வேடிக்கை பாக்க வந்த மாதிரி ஆயிரும்.

நான் ஒரு தடவை இப்படிப் பண்ணுனப்ப வீடு கட்டுன கணக்கு நோட்டு ஒன்னு, தெரிஞ்சவங்க வீட்டுது, ரெண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து கிளாசுக்குக் கொண்டு போனேன். மேல பிள்ளையார் சுழி. கீழ வரிவரியா தமிழ் எண்ணு. பிள்ளைங்க அதை எழுத்துன்னு நெனச்சு வாசிக்கப் பாத்துச்சுங்க, ௧ஐ 'க'ன்னும் ௫ஐ 'ரு'ன்னும். ஒன்னுல இருந்து ஒன்பது வரைக்கும் மட்டும் போர்டுல எழுதிப் போட்டுட்டு ஓரமா உக்காந்துட்டேன். '௱௨௰௫'ல வந்து முட்டிக்கிட்டாங்க. இருபது நிமிஷம். கடைசில ஒரு பையன், '௱ன்னா நூறு, ௰ன்னா பத்து, அப்ப நூறு, ரெண்டு பத்து, அஞ்சு, நூத்தி இருபத்தஞ்சு!'ன்னு கத்துனான் பாருங்க, பக்கத்து கிளாஸ் சார் எட்டிப் பாத்துட்டுப் போனாரு. ௹ ரூபாய்னும் ௸ மேற்படின்னும் அதுக்கப்புறம் அவங்களே கண்டுபிடிச்சாங்க. சரி, நூத்தி இருபத்தஞ்சு எதுக்கு? முட்டை. வேலைக்காரங்களுக்கு முட்டைப் பொரியல் போட்டுருக்காகன்னு ஒரு கோஷ்டி அடிச்சுப் பேசுச்சு. அப்பதான் கொத்தனார் வீட்டுப் பொண்ணு ஒன்னு, அதுவரைக்கும் வாயே தொறக்காதது, 'இல்ல, அது சொவத்துக்கு, சுண்ணாம்புல வெள்ளைக்கரு சேத்து இழைக்கிறது, எங்க ஐயா சொல்லிருக்காக, கடுக்காயும் போடுவாக'ன்னுச்சு. பேரேட்டுல எண்ணிக்கைதான் இருக்கு, எதுக்குன்னு அந்தப் பொண்ணு வீட்டுலதான் இருக்கு. அந்த நோட்டுல 'கொத்தனார் கூலி'ன்னு தொகை இருக்கே தவிர கொத்தனார் பேரு ஒன்னுகூட இல்லைங்கறதையும் அதே பொண்ணுதான் காட்டுச்சு.

ஆதாரத்தை எடை போடுறதுன்னு பெருசா சொல்றாங்களே, அது இதுதான். எழுதுனது யாரு, யாருக்கு எழுதுனது, எதை எழுதாம விட்டுருக்கு.

இப்ப எழுதுற வேலைக்கு வருவோம். புக் எழுதாதீங்க. புக்னு ஆரம்பிச்சா முன்னுரை யாரு, அட்டையில யார் படம்னு அதுலயே ஒரு வருஷம் போயிரும், நான் பாத்துருக்கேன். ஒரே ஒரு பக்கம் எழுதுங்க. கேத்தி ஸ்வான், ஜான் லீ, எஸ்.ஜி. கிராண்ட்னு மூணு அமெரிக்கப் பேராசிரியர்கள் இதுக்குன்னே ஒரு மாதிரி பண்ணிருக்காங்க, அதுக்கு அவங்க வச்ச பேரு புளூபிரிண்ட். (நம்ம ஊர்ல புளூபிரிண்ட்னா எந்தப் பாடத்துல இருந்து எத்தனை ரெண்டு மார்க்னு பாக்குற பேப்பர், இது அது இல்ல.) மேல ஒரு பெரிய கேள்வி. அதுக்குக் கீழ மூணு நாலு துணைக் கேள்வி. ஒவ்வொன்னுக்கும் என்ன ஆதாரம், அதை வச்சு பிள்ளைங்க என்ன செய்யணும். கடைசில பெரிய கேள்விக்கு ஆதாரத்தோட ஒரு வாதம். அவ்வளவுதான், பாடத்தை எப்படி நடத்துறதுன்னு வரிக்கு வரி எழுத மாட்டாங்க, அதை வாத்தியார்கிட்ட விட்டுருவாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். நியூயார்க் மாநிலத்துல இந்த முறையில கிண்டர்கார்டன்ல இருந்து பன்னண்டாவது வரைக்கும் பாடம் உருவாக்கி, யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு இலவசமாவே வெளியிட்டாங்க.

அமெரிக்கா நமக்கு ஒத்து வராதும்பீங்க. மத்தியப் பிரதேசத்தைப் பாருங்க. 1982ல ஆரம்பிச்ச ஏகலவ்யாங்கற அமைப்பு கிராமத்து அரசுப் பள்ளி வாத்தியார்களை வச்சுக்கிட்டே சமூக அறிவியல் புத்தகம் எழுதுனாங்க. எழுதி, வகுப்புல நடத்திப் பாத்து, பிள்ளைங்களுக்குப் புரியாத இடத்தைத் திருப்பி எழுதி. பரீட்சையில புத்தகத்தைத் தொறந்து வச்சுக்கிட்டே எழுதலாம்னு வச்சிருந்தாங்க, ஏன்னா கேட்டது மனப்பாடத்தை இல்ல. உங்க எச்எம் 'இதெல்லாம் எதுல இருக்கு?'ன்னு கேட்டா 2005 தேசிய கலைத்திட்ட வடிவமைப்பைக் காட்டுங்க. படிப்பைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிய இருக்க வாழ்க்கையோட சேக்கணும், மனப்பாடத்துல இருந்து விலகணும், ரெண்டும் அதோட அடிப்படைக் கொள்கையிலயே இருக்கு.

அஞ்சு பேரும் தனித்தனியா எழுதாதீங்க. ஒருத்தர் எழுதுனதை இன்னொருத்தர் வகுப்புல நடத்தணும், எழுதுனவரு பின் பெஞ்சுல உக்காந்து பாக்கணும். எழுதுனப்ப அமிர்தமா இருந்தது நாப்பது பிள்ளை முன்னாடி பத்து நிமிஷத்துல புட்டுக்கும், அப்ப வலிக்கும், திருத்திட்டு மூணாவது ஸ்கூலுக்கு அனுப்புங்க. ஆத்தங்குடிக்காரங்க நீங்க, கல்லு போடுற பட்டறைக்குக் கூட்டிட்டுப் போயி அதையும் ஒரு துணைக் கேள்வி ஆக்குங்க. கண்ணாடி மேல அச்சை வச்சு கலர் சிமெண்டை ஊத்துறாங்களே, ஏன் கண்ணாடி? தண்ணித் தொட்டியில ஏன் நாள் கணக்கா ஊற வைக்கிறாங்க? பெல்ஜியத்துல இருந்து கண்ணாடியும் இத்தாலில இருந்து மார்பிளும் கப்பல்ல வந்த வீட்டுல தரைக்கு மட்டும் ஏன் ஆத்தங்குடி மண்ணு? இதுக்கெல்லாம் பட்டறைக்காரர்தான் வாத்தியார், நீங்க மாணவர் மாதிரி நோட்டு எடுத்துட்டுப் போங்க.

மகளே, எனக்கு வயசு 81. கோட்டையூர்ல எங்க வீட்டு ரெண்டாங்கட்டு அறையில ஒரு டிரங்குப் பெட்டி நெறைய பழைய தாள், இசைபிடிமானம் (கல்யாணத்தை எழுதிப் பதியுறது), மொய்ப்பண ஏடு, கடுதாசி, கப்பல் சீட்டு. பசங்க எடைக்குப் போடச் சொல்றாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு ஏதும் உதவுமா?

அண்ணே, எடைக்காரர் வந்தா வாசல்லயே காபி குடுத்து அனுப்பிருங்க.

உங்க ஊர்க்காரர் ஒருத்தர் இதே மாதிரி தாளை எல்லாம் சேத்ததை நான் உங்களுக்குச் சொல்லணுமா? ரோஜா முத்தையா, போர்டு எழுதுற ஓவியர், புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு கண்டதையும் சேத்தாரு. அவர் 1992ல காலமானப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டு போகாம சென்னையிலயே நூலகமா வச்சாங்க. இன்னிக்கு உலகம் பூரா இருந்து ஆராய்ச்சிக்காரங்க அங்க வந்து உக்காருறாங்க. ஒரு காலத்துல அதுவும் எடைக்குப் போக வேண்டிய தாள்தான்.

அசல் தாளைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்காதீங்க, நாலாம் நாள் அதுல ஏரோப்ளேன் பறக்கும். போட்டோ புடிச்சு நகல் குடுங்க. பெட்டில எந்த வரிசையில இருக்கோ அந்த வரிசையைக் கலைக்காம எடுங்க, எதுக்கு அடுத்து எதுங்கறதே ஒரு சேதி. லேமினேட் பண்றேன்னு பேரன் கெளம்புனா கையைப் பிடிச்சுக்கங்க, செலோடேப்பும் வேணாம். குடும்பத்துக்கு வெளிய போக வேணாம்னு நீங்க நெனக்கிற தாளைத் தனியா ஒரு துணியில கட்டி வச்சுருங்க, அதைக் கேக்குற உரிமை எந்த டீச்சருக்கும் கிடையாது, எனக்கும் சேத்துத்தான். பெட்டியைச் செவுத்தை ஒட்டி வைக்காம கீழ ரெண்டு செங்கல் வச்சுத் தூக்கி வைங்க, கரையான் இந்த மழைக்கு ஏறும்.

மேல அந்த அஞ்சு வாத்தியாருங்க எழுதிருக்காங்கல்ல, அவங்ககிட்ட உங்க நம்பரைக் குடுக்கவான்னு பத்திரிகை ஆபீஸ்ல இருந்து போன் வரும். சரின்னு சொல்லிருங்க. ஆனா கப்பல் சீட்டை மொதல்ல எனக்குக் காட்டணும், சொல்லிட்டேன்.